கை எட்டாத இடம்

முதுகில் ஓரிடம் இருக்கிறது.
மேலிருந்து இறங்கும் கைக்கும் எட்டாது,
கீழிருந்து ஏறும் கைக்கும் எட்டாது.
இருபத்தாறு வருடம் கணவாய்க்குக் குடல் உருவிய வலி
சரியாக அங்கேதான் வந்து குடியேறியது.

மாத்திரை வேண்டாம் என்றாள் மருந்துக்கடைக்காரி.
போன குளிர்காலம் அது என் வயிற்றில் போட்ட புண்
அவளுக்கும் தெரியும்.
"தோல் வழியே போகட்டும், ஃபுசாயே சான்.
மேல்தோல் செத்த செல்களால் எழுப்பிய சுவர்.
மெதுவாகத்தான் விடும்.
ஆனால் விடும்."

ஹச்சினோஹேயில் விடியுமுன்
பிளாஸ்திரியின் பசைப் பக்கம் வெளியே தெரிய
கதவு நிலையில் தொங்கவிட்டு
மரத்தில் உரசும் கரடிபோல முதுகைக் கொடுத்தேன்.
ஒன்று தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது.
ஒன்று தலைமுடியில்.
சோற்றுக் கரண்டியின் பின்புறம் விரித்துப் போட்ட மூன்றாவது
ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது;
நாள் முழுக்க வலி
பக்கத்து வீட்டுக்காரியைப் போல
அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உடை மாற்றும் அறையில் துயெத் கேட்டாள்:
"எங்கே?"
ஹை ஃபோங்கிலிருந்து வந்தவள். எங்கள் மொழியில்
கத்தி, பெட்டி, வேகம், மன்னிக்கவும்,
இவ்வளவுதான் அவளுக்குத் தடுமாறாமல் வரும்.
கீழே, என்றேன். இடது. இன்னும் கொஞ்சம். அங்கேதான்.
பனிக்கட்டியில் ஊறிய விரல்கள்
நான்கு ஓரங்களையும் நீவிவிட்டன.
மருந்து உள்ளே போக நேரமாகும், தெரியும்.
இருந்தும் அப்போதே பெருமூச்சு வந்துவிட்டது.
வெட்கமாகப் போயிற்று.
பதினோரு வருடம் ஆகியிருந்தது
என் முதுகை ஒருவர் தொட்டு.

அதன்பிறகு தினமும் நாலரை மணிக்கு.
பேச்செல்லாம் கிடையாது.

நேற்று அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள். வீங்கியிருந்தது.
பாதிப் பிளாஸ்திரி எடுத்து
மூலைகளை வளைத்து வெட்டினேன்;
கூர்மூலை சட்டைக்கையில் மாட்டி உரிந்துவிடும்,
இதையெல்லாம் உறையில் எழுத மாட்டார்கள்.
எழுதியிருப்பது வேறு:
கழற்றிய பிறகும் நான்கு வாரம்
அந்த இடத்தில் வெயில் படக்கூடாது.
பட்டால், ஒட்டிய அதே அளவுக்கு
வெந்து சிவக்கும்.

சன்னலைக் காட்டி, சூரியனைக் காட்டி,
நான்கு விரல்களைக் காட்டினேன்.
அவள் அதில் ஒன்றை மடக்கிவிட்டாள்.
மூன்று வாரத்தில் விமானம்.

மீதி ஒரு வாரம் அவள் ஊர் வெயிலில்.

முழங்கைவரை வரும் என் நீலக் கையுறையை
அவள் லாக்கரில் வைத்துவிட்டு வந்தேன்.
வரிசை ஓடத் தொடங்கியிருந்தது,
முதல் கணவாய் ஏற்கெனவே என்னைத் தாண்டிப்
போய்க்கொண்டிருந்தது.