ஸ்டேஷனரி

பணகுடிக்குத் தெற்கே
உடைமரங்களுக்கு நடுவில் நிற்கிற
அறுபத்தி நாலாம் நம்பர் காற்றாடிக்கு
நான்தான் ஆபரேட்டர்.

ஐப்பசி பிறந்து ஒன்பது நாளாய்
இறக்கை அசையவில்லை.
பிரேக் போடவில்லை, பழுதும் இல்லை.
காற்று இல்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போன் போட்டேன்.
எடுத்தவர் வேலைக்குப் புதுசு.
"அறுபத்தி நாலு ஸ்டேஷனரி சார்."
"எத்தனை நாளா?"
"ஒன்பது நாளா."
"அடடா, முன்னமே கேட்டிருக்கலாமே."

வியாழக்கிழமை
நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து
ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது.
கோடு போட்ட நோட்டு ஒரு டஜன்,
ஸ்டேப்ளர், பசை, சிவப்பு மைப் பேனா,
பெற்றுக்கொண்டேன் என்று எழுதி அனுப்ப ஒரு சீட்டு.

சப் ஸ்டேஷன் மரிய பாக்கியம்
சிரித்த சிரிப்பில்
மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.
சீட்டைத் திருப்பி
இரண்டு வார்த்தையையும் இங்கிலீஷில் எழுதினாள்.
"முதல் ஏழு எழுத்தும் வெறும் ஸ்டேஷன்தான், அண்ணாச்சி.
எட்டாவதுல, மணியாச்சி மாதிரி, பிரிஞ்சிருது.
ஈ வந்தா கடைச்சாமான்.
ஏ வந்தா நின்ன இடம்."

அவள் போன பிறகு
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
இரண்டும் ஒன்றாகவே நின்றன.

ஈ என்றால் கொடு.
ஆபீஸ் கொடுத்துவிட்டது.
ஏ என்றால்?
அண்ணாந்து இறக்கையைப் பார்த்து
ஏ என்றேன்.
ஏலே என்றும் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.

லாக் புத்தகத்தில்
காற்றின் வேகத்துக்குக் கட்டம் உண்டு,
யூனிட்டுக்குக் கட்டம் உண்டு.
ஒன்பது நாளும் சைபர் போட்டேன்.
கட்டம் இல்லாததைப் புது நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்:
காலை ஏழு மணி,
காற்றாடி நிழல்
மலைப்பக்கம் தங்கையாவின் முருங்கைத் தோட்டத்தில்.
பகல் பன்னிரண்டு, என் செருப்பருகே.
சாயங்காலம் ஐந்து,
நாலுவழிச் சாலையைத் தாண்டிவிட்டது,
ஒரு லாரியும் அதன்மேல் ஏறவில்லை,
எல்லாம் அதற்கு அடியில் போகின்றன.
நிற்கிறது என்று நான் சொன்னது
தினமும் இவ்வளவு தூரம் போய் வருகிறது.

ஞாயிறு விடியற்காலை
ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து
ஓர் இரைச்சல்.
முதலில் கதவு அடித்தது,
பிறகு மேலே இறக்கை முனகியது.

"அறுபத்தி நாலு சுத்துது சார்."
"சந்தோஷம். அனுப்பின ஸ்டேஷனரி?"
"பறக்குது சார்."

உண்மையாகவே பறந்தது,
கையெழுத்துப் போடாத சீட்டு.
துரத்திக்கொண்டு ஓடினேன்.
உடைமரத்தில் மாட்டியிருந்தது.
ஒரு வார்த்தை முழுசாக இருந்தது.
மற்றதில்
எட்டாம் எழுத்தில் முள்.