பச்சை வட்டத்தில் ஒன்பது

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில்
மூன்றாவது ஜெராக்ஸ் கடை எங்களுடையது.
எங்களுடையது என்றால், முதலாளி நாவுக்கரசுவுடையது.
கல்லாவும் மவுசும் மட்டும் என்னிடம்.

பென்டிரைவ் எல்லாம் இப்போது யார் கொண்டுவருகிறார்கள்.
வாட்ஸாப்ல இருக்கும்மா என்பார்கள்.
பிரவுசரில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத் திறந்து காட்டுவேன்.
ஊசியில் நூல் கோக்கிறவர்கள் மாதிரி
போனை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள்.
ஒரு சின்ன அதிர்வு,
அவ்வளவுதான், அவர்கள் குடும்பம் மொத்தமும்
திரையின் இடப்பக்கம் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும்.

நான் பார்ப்பதில்லை.
பார்க்காமல் இருப்பதும் ஒரு வேலை,
ஏழாயிரம் சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.
பிடிஎஃப் எங்கே என்று மட்டும் கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் கலியபெருமாள்,
த/பெ கோதண்டம், சோனாங்குப்பம்.
ஆதார் இரண்டு காப்பி, போனிலிருந்து
வில்லங்கச் சான்று நாலு பக்கம்.
இருபது ரூபாய் நோட்டை மடிப்பு நீவிக் கொடுத்துவிட்டு
ஓ.டி. போகிற டவுன் பஸ் சத்தத்துக்கு ஓடினார்.
திரையில் திறந்தது திறந்தபடி.

எல்லாம் பாதிப் பாதி வாக்கியம்.
ஐஸ் கம்பெனி: நாளைக்கு லோடு இல்ல, எதுக்கும்…
வலை குரூப்: யார்ரா அந்தப் படத்த…
எல்லாவற்றுக்கும் மேலே, பின் குத்தி நிறுத்தி,
தங்கச்சி நெல்லிக்குப்பம்:
நகைய நான் எடுக்கல அண்ணே, அம்மா கடைசியா…
பக்கத்தில் பச்சை வட்டத்தில் ஒன்பது.
தேதி போன மாதத்தது.

பார்க்கவே பிடிக்காதவர் பின் குத்துவாரா?
தெருக்கதவில் ஒருத்தி தட்டிக்கொண்டே இருக்க
விளக்கை அணைத்துவிட்டு
உள்ளே கதவோரமாகவே உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மவுஸ் பழசு.
ஒரு தட்டு தட்டினால் இரண்டாக விழும், சொன்ன இடத்தில் நிற்காது.
மேலே மூன்று புள்ளிக்குப் போய்
அவரை வெளியேற்றத்தான் போனேன்.

வட்டத்தைக் காணோம்.

நெல்லிக்குப்பத்தில் யாரோ ஒருத்தியின் கையில்
ஒன்பது சாம்பல் டிக்குகள்
ஒரே நொடியில் நீலமாகியிருக்கும்.
ஓர் எழுத்துகூட நான் படிக்கவில்லை என்றால் பொய்.
கடைசி வரி தானாக வந்து கண்ணில் விழுந்தது.
அதை இங்கே எழுத மாட்டேன்.

பெயருக்குக் கீழே, ஆன்லைன்.
பிறகு, டைப் செய்கிறார்.
நிறுத்துகிறார்.
மறுபடி டைப் செய்கிறார்.

படிச்சிட்டியா

கேள்விக்குறிகூட இல்லை.

மார்க் ஷீட் எட்டு காப்பி அக்கா என்கிறான் ஒரு பையன்.
இரு தம்பி.
பதில் போட நான் யார்.
போடாமல் விட்டாலும்
அது அவர் போடாததாக அல்லவா ஆகிவிடும்.
ஒரு மாதம் கட்டிக்காத்த மௌனத்தை
ஓட்டை மவுசால் உடைத்து வைத்திருக்கிறேன்.
அக்கா, எட்டு காப்பி.
இருடா.

பஸ் இந்நேரம் கெடிலம் பாலத்தில் இருக்கும்.
நான் கீபோர்டைத் தொடவில்லை, சத்தியமாக.
வலப்பக்கம் ஒரு பச்சைக் கட்டி தானாக எழும்பியது.

ம்

ஒற்றை மெய்.
உயிர் இன்னும் ஏறவில்லை.
அந்தப் பக்கம் உடனே டைப் செய்கிறார்,
டைப் செய்கிறார், நிறுத்தவே இல்லை, நீளமாக எதையோ.
அது வந்து விழுவதற்குள் மூன்று புள்ளியைப் பிடித்தேன்.
நிச்சயமாக வெளியேறவா என்று கேட்டது.
நிச்சயமாக.

திரும்பவும் அதே கறுப்பு வெள்ளைக் கட்டம்,
யாரையும் தெரியாத முகத்தோடு.

பையனுடைய மார்க் ஷீட்டுக்கு மெஷின் மூடியைத் தூக்கினால்
கண்ணாடிமேல் குப்புறக் கிடக்கிறார் கலியபெருமாள்.
ஒரிஜினல்.
டிராயரில் ரப்பர் பேண்டுக்குள் ஏற்கெனவே பதினொரு பேர்,
இவர் பன்னிரண்டு.

வருவார். ஒரிஜினலைத் தேடி எப்படியும் வந்துவிடுவார்கள்.
எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டேனாம்மா என்பார்.
கார்டை மட்டும் எடுத்து நீட்ட வேண்டும்.