அள்ளு

சம்மதப் படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
பத்தைத் தாண்டியபோது
கோத்தகிரியில் மின்சாரம் போயிற்று.
கைப்பேசி வெளிச்சத்தில் கடைசியை வாசித்தேன்:
"உங்கள் வாக்குமூலத்தை உங்கள் நாட்டு
அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா?"

"எந்த நாட்டு?" என்றாள் மருதாயி.

சரிதான்.
கப்பலேறும்போது கொடுத்த அட்டையில் அவள் இந்தியா.
லாரி வந்த இரவில் அவள் தீவு.
மளிகைக்காரரின் கடன் நோட்டில் இன்றைக்கும்
சிலோன் மருதாயி.

நான் நீதிபதி இல்லை அக்கா.
என்னை அனுப்பியவர்களும் இல்லை.
எங்கோ பனி பெய்யும் ஊரில்
அவர்களிடம் இருப்பது ஓர் அலமாரி,
ஒரு பூட்டு,
யார் எப்போது திறந்தார்கள் என்று எழுத ஓர் ஏடு.
கைது பண்ண ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது.
உலகத்துக்கே பொதுவான அந்தப் பெரிய கோர்ட்டுக்கோ
உன் லாரி ரொம்பப் பழசு.
கோர்ட் பிறக்குமுன்னே போய்விட்ட லாரி.

"அப்ப எதுக்கு வந்தே?"

பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் தகரப்பெட்டியைத் திறந்து
கொழுந்து நிறுத்த துண்டு ஒன்றை எடுத்தாள்.
முன்பக்கம் பதினெட்டு கிலோ.
பின்பக்கம், கங்காணியின் பென்சிலால், லாரி எண்.
கடைசி எழுத்து மட்டும் ஈரத்தில் ஊறியிருந்தது.

உறை. அரக்கு. இரண்டு கையெழுத்து. மணி ஆறு இருபது.
"ரசீது குடு."
கொடுத்தேன்.
கொழுந்து பறித்தவளுக்குத் தெரியும்
எடை எங்கே குறையும் என்று.

"அண்ணன் காத்தமுத்தையும் மத்தவங்களையும்
அள்ளிட்டுப் போனாங்க."
நான் இங்கிலீஷில் எழுதினேன்.
என்ன எழுதினே என்று கேட்டாள்.
கூட்டிட்டுப் போனாங்கன்னு, அக்கா.
"கூட்டிட்டுப் போறது கல்யாணத்துக்கு."
அடித்தேன். பிடித்துப் போனார்கள் என்று மாற்றினேன்.
"பிடிக்கிறது கோழிய."
அதையும் அடித்தேன்.
"படங்குல கொட்டின கொழுந்த அள்ளுவோமே,
எண்ணாம.
அது."
அந்தச் சொல்லை அப்படியே வைத்து
அடிக்குறிப்பு போட்டேன், நான்கு வரி.
நான்கு வரியும் போதவில்லை.

பதினொன்றாம் கட்டத்தை அவள் தொடவில்லை.
"லாரிக்கு டீசல் ஊத்தினதும் அரசாங்கந்தான்.
அங்க உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியாம
எப்படிக் குடுக்க?"
'இப்போது இல்லை' என்று எழுதிக்கொண்டு
கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆறு வருஷம்.
தேயிலை விலை இறங்கியது, ஏறியது, இறங்கியது.
உறை திறக்கப்படவில்லை.

பிறகு தீவிலிருந்து ஒரு கடிதம்,
அங்கிருக்கும் அரசு வழக்கறிஞர், பெயர் திலினி.
பழைய போக்குவரத்து ஏடு ஒன்று அகப்பட்டிருக்கிறதாம்,
பாதி கரையான் தின்றது.
குழி ஒன்றும் உண்டாம்;
எலும்பை அளந்து எடுக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புவீர்களா,
சாட்சியைத் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பது எப்படி,
உங்களிடம் ஏதாவது லாரி இருக்கிறதா.

மறுபடி மலையேறினேன்.
நான்காவது கொண்டை ஊசி வளைவில்
காட்டெருமை வழியை மறித்து நின்றது;
அது நகரும்வரை பஸ் காத்திருந்தது.

"அவளப் பேசச் சொல்லு."

கூட்டுறவுத் தொழிற்சாலை ஆபீசில்
மடிக்கணினியை ஜன்னலோரம் வைத்தோம்.
மூடுபனியில் சிக்னல் ஒரு கோடு.
திரையில் உறைந்து, அசைந்து, உறைந்து
ஒரு முகம்.
பதுளைச் சந்தையில் கற்ற தமிழாம்;
ழகரம் வரவில்லை, மரியாதை வந்தது.
என் மொழிபெயர்ப்பைப் புரட்டியவள்
அடிக்குறிப்பில் நின்றாள்.
படிக்கவில்லை. நிமிர்ந்து கேட்டாள்:

"அள்ளினாங்களா, அம்மா?
எண்ணாமலா?"

நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.
இனி அது அவர்கள் இருவரின் பேச்சு.

ரொம்ப நேரம் கழித்து மருதாயி பேனா கேட்டாள்.
கட்டத்தில் கோடு கொஞ்சம் வெளியே போயிற்று.
பரவாயில்லை.

அலமாரி ஏட்டில் அந்த வாரம் ஒரு வரி ஏறும்:
உறை திறக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.
முதல் விசாரணையை ஒத்திவைப்பார்கள்,
இரண்டாவதையும் வைக்கலாம்.
இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

வாசல்வரை வந்தவள்
கையை நீட்டினாள்.
"அவகிட்ட இருந்தும்
ரசீது வாங்கி அனுப்பு."