அறைக்காற்று

ஏழரைக்கு விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து,
டீ கொண்டுவந்த பையனையும் வெளியே அனுப்பினேன்.
ஒரு ஆள் மூச்சு போதும்
அளவு கெட.

மூன்று லிட்டர் சிரிஞ்ச், தொடைத் தடிமன்.
இழு, தள்ளு. இழு, தள்ளு.
ஒரு நாளும் இருமாத நுரையீரல்.
இரண்டு தொண்ணூற்றெட்டு. பரவாயில்லை.
சிலிண்டர் வாயு: பதினாறு, நாலு. சரி.

மிச்சம் அறைக்காற்று.
இருபது புள்ளி ஒன்பது மூன்று.
நெய்வேலிக்கும் நீலகிரிக்கும் அதே கணக்கு
என்று கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.
உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்த சிப்காட் வாடை
இன்று அழுகின முட்டை.
மூக்கு சுருங்கியது எனக்குத்தான்;
திரையில் இம்மி அசைவில்லை.

வாசலில் அஞ்சாபுலி. பாய்லர் பக்கம் பத்தொன்பது வருஷம்.
மாடி ஏறி வந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை.
"ஏம்மா, மெஷினுக்கே ஒடம்பு சரியில்லையா?"
"இல்லைங்க. நல்ல காத்து எதுன்னு
அதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

எக்கி, ஜன்னல் பக்கம் முகர்ந்தார்.
சிரிக்கத்தான் தொடங்கினார்;
இருமல் பிடுங்கிக்கொண்டது.
இரண்டடி உள்ளே வந்து மேசையைப் பற்றிக்கொண்டார்.

கரியமில வாயு ஏறிற்று.
நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

மறுபடி முதலில் இருந்து.