கால் வெட்டிய சோபா

சீட்டுப் பணம், தள்ளு போக, கையில் மூவாயிரத்து எண்ணூறு.
எர்ணாவூரில் பதினொன்றுக்கு ஒன்பது அடி ஹால்.
இதை வைத்து அதை மாற்றிக் காட்டு என்கிறார் தேசிங்கு,
ஹார்பர் கேட்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வதுபோல.

முதலில் போனது கண்ணாடி டீப்பாய்.
கல்யாணத்துக்கு வந்தது.
டைசன் நெற்றியில் மூன்று தையல் போட வைத்தது.
காயலான் கடையில் இரும்பை மட்டும் நிறுத்தார்கள்.
நூற்றி நாற்பது ரூபாய்.
தையலுக்கு ஆனது எழுநூறு.

அப்புறம் சோபா.
புதுசு பதினாலாயிரம் என்று கடைக்காரர் சொன்னபோது
அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை,
அவர் தலைக்கு மேல் ஓடிய ஃபேன்தான் கேட்டது.
வீட்டுக்கு வந்து பழசைக் கவிழ்த்துப் போட்டோம்.
நாலு காலையும் ரம்பத்தால் அறுத்தார்,
ஒன்றரை வயது ஷைனி
விழுந்தால் ஒரு சாண் விழட்டும் என்று.
ஒரு காலில் அரை இன்ச் அதிகம் போய்விட்டது.
அதற்கு அடியில் என் பத்தாம் வகுப்பு சயின்ஸ் புத்தகம்.
வாங்கின நாளிலிருந்து
இப்போதுதான் ஒரு வேலை செய்கிறது.

எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் தைக்கிறேன்.
சீசன் முடிந்தால் வெட்டுத் துண்டு
மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.
ஓனர் எடுத்துக்கோ என்றார், ஒரு தடவை.
நான் மூன்று தடவை எடுத்தேன்.
ஒட்டுப்போட்டுத் தைத்த உறையில் சாய்ந்தால்
யார் யாருடைய நிச்சயதார்த்தமோ, யாருடைய சீமந்தமோ
எங்கள் முதுகுக்குப் பின்னால் கசங்குகிறது.
இத்தனை நிறத்தில்
சாம்பார் கொட்டினால் யாருக்குத் தெரியும்?

தேய்ந்த ஹவாய் செருப்பை வெட்டி
ஷோகேஸ் முனைகளில் ஒட்டினேன்.
செருப்பையா, என்றார்.
கழுவினதுதான், என்றேன்.
கோப்பைகள் மேல்தட்டுக்கு ஏறின.
கீழ்த்தட்டில் மரக்கரண்டி, மூடி, காலி பவுடர் டப்பா.
காலை ஏழுக்கே ஷைனி கடை திறக்கிறாள்.

பெயின்ட் பாதி விலைக்குக் கிடைத்தது.
யாரோ கலக்கச் சொல்லிவிட்டு
வாங்க வராமல் போன நிறம்.
பச்சையா நீலமா என்று
எங்களுக்குள்ளே இன்னும் முடிவாகவில்லை.
எனாமல், ஈரத்துணியால் துடைக்கலாம்.
அந்தக் கோட்டுக்காகவே வாங்கியது.

அந்த டிசம்பரில் ஆயிலோடு வந்த வெள்ளம்
இடுப்பளவு நின்று, போகும்போது போட்டுவிட்டுப் போன கோடு.
சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம்,
மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தது.
எனாமலுக்குப் பத்து நாள் பயந்தது.
அப்புறம் டீக்கறை மாதிரி,
கடன்காரன் மாதிரி,
சத்தமில்லாமல் வந்து நின்றது.

அதன் மேல் டைசன் ஸ்கெட்ச் பேனாவால்
கப்பல் விட்டிருந்தான்.
ஒன்றல்ல, ஆறு.
ஒவ்வொன்றிலும் கிரேன், அப்பா டிரெய்லர்,
அளவுக்கு மீறின ஒரு காக்கா.
கை ஓங்கிவிட்டேன்.
எனாமல்தானே, துடைத்தால் போச்சு, என்றார் தேசிங்கு.
கப்பல் போகும்.
துணியை நனைத்து வந்து
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அதே துணியால் டிவியைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனோடு
நாத்தனார் சுகுணா வந்தாள்.
எவ்வளவு ஆச்சு அண்ணி என்று கேட்டுக்கொண்டே
பழைய உயரத்தை நம்பி உட்கார்ந்தவள்
தொப்பென்று கீழே போனாள்.
கூடவே சயின்ஸ் புத்தகமும் நழுவியது.
டைசன் உருண்டு உருண்டு சிரித்தான்.
அவளும் சிரித்தாள், முட்டி முகவாய்க்கு வந்திருக்க.

அங்கிருந்து பார்த்தால்
கோடு கண்ணுக்கு நேர் எதிரே.
சிரிப்பு பாதியில் நின்றது.
அவள் வீட்டில் கழுத்தளவு.

ஷைனி கடையிலிருந்து நடந்து வந்து
அவள் மடியில் ஒரு மூடியை வைத்தாள்.
காசு கேட்டுக் கை நீட்டினாள்.