பறந்த பத்து

மழை வராத மூன்றாவது வருஷம்.
ஒட்டகங்களே படுத்துவிட்டன,
ஆடுகளைப் பற்றி என்ன சொல்ல.
அம்மா என்னை டடாப் முகாமுக்கு நடத்திக் கூட்டிப்போனாள்.
வழியெல்லாம் ஒரே பாடம்:
"எந்த ஊர் என்று கேட்டால்
கிஸ்மாயு என்று சொல். கடலோரம் என்று சொல்."
அவளும் கடலைப் பார்த்ததில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்
ஈரத்துணியால் என் விரல்களைத் துடைத்து
கண்ணாடிமேல் ஒவ்வொன்றாய் வைத்தார்.
அடியில் பச்சை வெளிச்சம் ஓடியது.
கூசும் என்று நினைத்துச் சிரித்தேன்.
அரை மூட்டை சோளம், ஒரு டின் எண்ணெய்.
அன்றிரவு நாங்கள் சாப்பிட்ட சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.

பசி வந்தால் பத்தும் பறக்கும்.
என் பத்தும் பறந்துபோய்
எங்கே உட்கார்ந்தன என்று
பதினெட்டு வயதில்தான் தெரிந்தது,
கரிஸ்ஸா அலுவலகத்தில்.

"நீ சோமாலியா அகதி" என்றார் முட்டுவா.
கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்குப் பல்வலி வேறு.
பலம்பலாவில் பிறந்த சான்று காட்டினேன்,
சீஃப் எழுதிய கடிதம்,
அப்பாவின் அடையாள அட்டை.
"காகிதம் பொய் சொல்லும் தம்பி,
விரல் சொல்லாது."

சொல்லியிருந்தது.
ஏழு வயதில், அரை மூட்டைக்கு.

அப்புறம் ஆறு வருஷம்.
டானா ஆற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும்,
எல்லோரும் இறங்கி அட்டையை நீட்டுவார்கள்.
நான் சாமான் ஏற்றிவிட்டு
இந்தக் கரையிலேயே நின்றுகொள்வேன்.
அந்தப் பக்கம் நைரோபி என்று கேள்வி.
சிம் கார்டு மைத்துனன் பெயரில்.
என் பெயரில், கடன் மட்டும்.

இந்த மாதம் பட்டியலிலிருந்து நீக்குகிறார்களாம்.
விடியுமுன் வரிசையில் நின்றேன்.
முட்டுவாவுக்குத் தலை நரைத்திருந்தது.
திரையை என் பக்கம் திருப்பினார்:
"அப்திசலான்... இது நீதானே?"

மொட்டைத் தலை. பெரிய காது.
தோளருகே, படத்துக்கு வெளியிலிருந்து
ஒரு கை நீண்டு வந்து
என் தாடையை நேராகப் பிடித்திருக்கிறது.
சுண்டுவிரலில், பால் காய்ச்சும்போது சுட்ட தழும்பு.

அம்மாவை யாரும் படம் எடுத்ததில்லை.
புதைத்த இடத்திலும் கல் மட்டும்தான்.

"நீக்கினால் இதுவும் போய்விடுமா?"
"எல்லாம் போகும். அதற்குத்தானே வந்தாய்?"

பின்னால் நாற்பது பேர். யாரோ இருமுகிறார்கள்.
படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
இடது கட்டைவிரல்.
மையைத் தொட்டுவிட்டேன்,
விரல் அந்தரத்தில் நிற்கிறது.

"கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டுங்கள்" என்றேன்,
"அந்தக் கையை மட்டும்."