கூட்டம் இல்லாத நாள்

ஓசூர்க்காரர் ஒருத்தர்
வறுத்த வாளைக்குக் காசு கொடுக்கையில்
என் நம்பரையும் வாங்கிப் போனார்.
'ஒகேனக்கல் மீன் அக்கா' என்று பதிந்துகொண்டாராம்.
அவரிடமிருந்து அவர் மச்சானுக்கு,
மச்சானிடமிருந்து ஒரு கம்பெனிக்கே.
இப்போதெல்லாம்
காலாண்டுப் பரீட்சையில் கடைசித் தாள் முடியுமுன்
என் போன் அலறத் தொடங்கிவிடும்.

அக்கா, சனிக்கிழமை நெரிசலா இருக்குமா?
அக்கா, விடிகாலை வந்துட்டா தப்பிச்சிடலாமா?
அக்கா, எங்களுக்குச் சத்தமே ஆகாது,
எந்த நாள் வந்தா ஆளே இருக்க மாட்டாங்க?

ஆளே இல்லாத நாளில்
என் அடுப்பு எரியாது.
இதை அவர்களிடம் எப்படிச் சொல்ல?
"புதன்கிழமை வாங்க" என்றேன்.
எல்லோரிடமும் புதன்கிழமைதான் சொன்னேன்.
பொய்யில்லை.
போன வருஷம் புதன்கிழமை ஈயோட்டினேன்.

இந்தப் புதன்
மடம் செக்போஸ்ட் தாண்டி நின்றதாம் வண்டி வரிசை.
மூன்று மணிக்கு எழுந்து
தூங்கும் பிள்ளையைப் போர்வையோடு தூக்கி வந்தவர்கள்
எண்ணெய் தேய்க்கும் இடத்தில்
எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.
இருவரும் கௌபீனத்துக்குக் கொஞ்சம்தான் மேல்.
"நீங்களுமா?"

தொங்கு பாலத்தின் நடுவில் நின்று
ஒருவர் போனில் யாரையோ விடாமல் கூப்பிட்டார்.
என்னைத்தான்.
இரண்டு கையிலும் மிளகாய் விழுது, எடுக்கவில்லை.
பிறகு அவரே என் கடைக்கு வந்து,
நான்தான் அது என்று தெரியாமல்
என்னிடமே என்னைத் திட்டிக்கொண்டு
இரண்டு தட்டு சாப்பிட்டார்.
எலுமிச்சை கூடுதலாக வைத்தேன்.

வீட்டுக்காரருக்கு அன்று மூன்று நடை பரிசல்.
சாதாரண நாளில் ஒன்று கிடைத்தால் அதிகம்.

கனிஷ்காவுக்கும் லீவுதான்.
வெங்காயம் அரிந்தபடி
ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நம்ம எங்கம்மா போறோம் லீவுக்கு?"
எங்கே போகணும் என்றேன்.
யோசிக்கவேயில்லை.
"கூட்டமா இருக்கிற எடத்துக்கு."
இங்கேதான் இருக்கே இவ்வளவு.
"இது நமக்கு வந்த கூட்டம்.
நம்ம ஒரு கூட்டத்துக்குப் போகணும்."

வெள்ளி இரவு பிலிகுண்டுலுவில் தண்ணீர் ஏறியது.
விடியும்போது ஆறு செம்மண் நிறத்தில்,
பாறைகள் இருந்த இடத்தில் இரைச்சல் மட்டும்.
இருபத்தெட்டாயிரம் கன அடி என்றார்கள்.
குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை.
பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் நாய் ஏறிப் படுத்தது.
மசாலா தடவிய மீனை ஐஸ் பெட்டியில் அடைத்துவிட்டு
தர்மபுரி பஸ் ஏறினோம், மூன்று பேரும்.

துணிக்கடையில்
நகரும் படிக்கட்டில் நான்கு முறை ஏறி இறங்கினாள் அவள்.
சுழலுக்குள் பரிசலைச் சுற்றிவிட்டுச் சிரிக்கிற மனுஷன்
முதல் படியில் கால் வைக்கப் பயந்து
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.
பின்னால் வந்தவர்கள் முனகினார்கள்.
யாரோ என் காலை மிதித்தார்கள்.
நானும் யாரையோ மிதித்தேன்.

ஓட்டலில்
சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் காத்து நின்றோம்.
அந்த ஆள் ரசத்துக்கு வந்து
மோருக்குப் போகாமல்
மறுபடியும் சாம்பார் கேட்டார்.
வீட்டுக்காரர் தாங்காமல் சர்வரிடம்,
"தம்பி, எந்த நாள் வந்தா கூட்டம் இருக்காது?"
"புதன்கிழமை வாங்கண்ணா."

அப்போதுதான் போன் அடித்தது.
தெரியாத நம்பர், சேலத்துக் குரல்,
பின்னணியில் ஒரு குழந்தை 'எப்பப்பா, எப்பப்பா' என்றது.
அக்கா, அங்கே கூட்டம் எப்படி?

ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.
கனிஷ்கா என் இடுப்பில் இடித்து
காலியான நாற்காலிக்குப் பாய்ந்தாள்.

யாருமே இல்லைங்க, என்றேன்.
தண்ணி மட்டும்தான் வருது.
நிறைய வருது.